கோயம்புத்தூர்: தொழில்நுட்பக் கல்வியும் உள்ளூர்த் தொழிலும்

கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரிகளுக்கு முன்பே பட்டறைகள் இருந்தன. அந்நகரின் தொழில்நுட்பக் கல்வி வரலாற்றை இந்த வரிசையில் பார்த்தால்தான் விளங்கும். கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. மழை குறைவு என்பதால் பாறையைக் குடைந்து ஆழக் கிணறுகள் வெட்டினார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்த அந்தக் கிணறுகளே பின்னாளில் பம்புசெட்டுக்கு முதல் சந்தையாயின. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லைத் தொடர்ந்து நூற்பாலைகள் வந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் அவை பெருகின. உடைந்த உதிரிபாகம் கப்பலில் வந்து சேரும்வரை மில் நிற்க முடியாது. அதை இங்கேயே வார்த்துக் கடைந்து கொடுக்க ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன.

இப்பட்டறை மரபுக்குக் கல்வி வடிவம் தந்த முதல் முயற்சி பீளமேட்டில் நடந்தது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கி, 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையத்தை நிறுவினர். அதன் தொழிற்கூடம் பம்பு, மோட்டார், பிற்காலத்தில் லேத் ஆகியவற்றைச் செய்து விற்றது. கூடவே இளைஞர்களுக்குத் தொழிலும் கற்பித்தது. விற்பனைக்குரிய பொருளைச் செய்தபடியே கற்றதால், பிசகான அளவுக்கு அங்கே இடமில்லை.

தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் வழி வேறு. அவரும் டி. பாலசுந்தரமும் 1937இல் செய்த மின்மோட்டாரே இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது நாயுடுவே அதன் முதல்வர். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், ஒழுங்காகக் கற்பித்தால் பாதிக் காலம் போதும் என்று அவர் வாதிட்டார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். கால அளவில் அவர் சொன்னது மிகை. பட்டறையை விட்டு விலகிய படிப்பு நீண்டுகொண்டே போகும் என்ற அவர் கணிப்பு சரியானது. அக்கல்லூரி 1950இல் தடாகம் சாலைக்கு மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. பழைய இடத்துக்கு ‘ஹோப் காலேஜ்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, இருந்த தொழிற்கூடத்தை ஒட்டியே எழுந்தது. ஜி.ஆர். தாமோதரன் அதன் முதல்வர். வகுப்பும் தொழிற்கூடப் பயிற்சியும் மாறிமாறி வரும் ஐந்தாண்டு ‘சாண்ட்விச்’ படிப்பு இக்கல்லூரியின் அடையாளமாயிற்று. அதன் பயனை வார்ப்பு வேலையில் தெளிவாகக் காணலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்பது பாடம். பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யாவிட்டால், கடைசலுக்கு வரும் பம்பு உறையில் சீவி எடுக்க உலோகமே மிஞ்சாது என்பது பயிற்சி. மணலில் ஈரம் கூடினால் நீராவி வெளியேற வழியின்றி வார்ப்பில் துளை விழும். அத்துளை பெரும்பாலும் பாதி கடைந்த பிறகே கண்ணில் படும். பொருளும் கூலியும் அதற்குள் செலவாகியிருக்கும்.

அக்கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்த ‘டிசைன் டேட்டா’ என்ற கையேடு இவ்வுறவின் சிறந்த விளைச்சல். பேரிங் தேர்வு, பல்சக்கரக் கணக்கு, உலோகங்களின் வலிமை, இடைவெளி அளவுகள் என அட்டவணைகளாலான அந்நூல் தேர்வறைக்குள் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுவது. தொழிற்சாலை வடிவமைப்பாளர் மேசையிலும் இருப்பது. மாணவரும் தொழிலகமும் ஒரே பக்கத்தைப் புரட்ட நேர்வது அரிய பேறு. கலைக்கதிர் அச்சகம் வெளியிட்ட நூல் இது. தமிழில் அறிவியலைக் கொண்டுசென்ற ‘கலைக்கதிர்’ இதழைத் தொடங்கியவரும் தாமோதரனே.

ஆராய்ச்சியில் முதல் இணைப்பு துணித்தொழிலில் ஏற்பட்டது. மில்கள் கூடி 1956இல் அமைத்த சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் பஞ்சையும் நூலையும் சோதித்ததோடு, உறுப்பு மில்களின் உற்பத்தித்திறனையும் செலவையும் ஒப்பிட்டு அறிக்கை தந்தது. தன் மில் எங்கே நிற்கிறது என்பதை முதலாளி முதன்முறையாக எண்களில் கண்டார். கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பல்கலைக்கழகத்தின் பங்கு இதில் பின்தங்கியே இருந்தது. கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1982இல் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கும், 2001க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இணைப்பு மாறின. பட்டறைகளின் தேவைக்கேற்பப் பாடத்தைத் திருத்தும் உரிமை, 1978இல் பி.எஸ்.ஜி. பெற்ற தன்னாட்சி போன்றவற்றால்தான் வந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைக்கு விடை அடுத்த வாரம் வேண்டும். அந்த இடைவெளியைச் சோதனைக்கூடங்களே நிரப்பின. தொழில் அமைப்புகள் கூடி நிறுவிய சிடார்க் என்னும் சோதனைக்கூடம், பம்புகளின் நீரேற்ற உயரம், நீரளவு, மின்செலவு ஆகியவற்றை அளந்து சான்று தருகிறது.

அண்மைக் காலத்தில் பி.எஸ்.ஜி.யின் ‘ஸ்டெப்’ போன்ற தொழில்முனைவோர் பூங்காக்கள் புதிய நிறுவனங்களுக்கு இடமும் கருவியும் அளிக்கின்றன.