ஓடும் ரயிலிலிருந்து விழும் கட்டு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. மதராஸிலிருந்து வரும் நாளிதழ்க் கட்டுகளை, இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில், ஓடும் ரயிலிலிருந்தே வெளியே வீச வேண்டியதாயிற்று. ஊரில் இதழ்களை விநியோகித்துவந்த சம்சுதீனுக்கு, விழும் கட்டுகளைப் பிடித்துக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவ்வேலைக்கு வந்த உறவுக்காரச் சிறுவன்தான் அப்துல் கலாம். தன் வாழ்வின் முதல் சம்பாத்தியம் அதுவே என்று 'அக்னிச் சிறக'கில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஏற்பாட்டைச் சற்று நின்று யோசித்தால், அது எவ்வளவு சிக்கனமானது என்பது புலப்படும். ரயில் நிற்கவேண்டியதில்லை. நிலைய அதிகாரி பதிவேட்டைத் திறக்கவேண்டியதில்லை. சுமைகூலி ஆள் கைமாற்றவேண்டியதில்லை. ஆனால் அது நடக்க மூன்று நிபந்தனைகள் உண்டு. எறிபவனுக்கு இடம் தெரிந்திருக்கவேண்டும். பிடிப்பவன் அங்கே நிற்கவேண்டும். இடம் மாறினால், அது எறிபவனுக்கு உடனே தெரிவிக்கப்படவேண்டும். முதல் இரண்டையும் எவரும் மறப்பதில்லை. மூன்றாவதை மறப்பதால் விளையும் துன்பங்களே இக்கட்டுரையின் பொருள். கணினியின் பிணைய அட்டைகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன என்பதும், அவற்றின் வரலாற்றில் மிகக் கொடிய பழுதுகள் அந்த மூன்றாவது நிபந்தனையின் மறதியால் வந்தவை என்பதும் பலருக்குத் தெரியாது.

இலக்கிய வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழலாம். நினைவு, முகவரி ஆகிய இரு சொற்களையும் கணினியாளர்கள் நம் அன்றாட வாழ்விலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று விசாரிப்பது நமக்கும் உரிய காரியம்தான்.

கணினியின் நினைவகத்தை எண்ணிட்ட வீடுகள் வரிசையாக அமைந்த ஒரு தெருவாகக் கொள்ளலாம். ஆதியில், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சரக்கையும் மையச் செயலியே வாசலில் வாங்கி, உரிய வீட்டில் கொண்டுபோய் வைத்தது. 1950களின் இறுதியில் வந்த ஐ.பி.எம். 709 போன்ற இயந்திரங்களில் இவ்வேலைக்கென்று தனிக் கருவி ஏற்பட்டது. 'இன்ன எண் வீட்டில் வைத்துவிடு, முடிந்ததும் சொல்' என்று செயலி ஆணையிடும். கருவி தானே போய் வைக்கும். இதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர். 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் உலகெங்கும் பரவியபின், பிணைய அட்டைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. ஓடும் ரயிலிலிருந்து கட்டு வீசப்பட ஆரம்பித்தது.

எனினும் ஒரு நிலைய அதிகாரி மீதமிருந்தார். இயங்குதளத்தின் உட்கருவான கர்னல்தான் அவர். அட்டை கொண்டுவந்து போட்டதைக் கர்னல் பார்வையிட்டு, பிரதியெடுத்து, உரிய நிரலிடம் ஒப்படைக்கும். இந்த ஒப்படைப்புக்கே நேரம் செலவாகிறது என்று கண்டு, 1995இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோர்ஸ்டன் ஃபான் ஐக்கன், அனிந்திய பாசு, வினீத் புச், வெர்னர் வோகெல்ஸ் ஆகிய நால்வர் யூ-நெட் என்ற அமைப்பை முன்வைத்தார்கள். கர்னலை வழியிலிருந்து விலக்கி, சாதாரண நிரல் ஒன்றே பிணைய அட்டையோடு நேரடியாகப் பேசும் ஏற்பாடு அது. பயனர்வெளி இயக்கி என்று இன்று சொல்லப்படுவதன் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. 2010இல் இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் உருவாக்கிய டி.பி.டி.கே. என்ற நிரல்தொகுப்பு இக்கருத்தைத் தொழிலுலகின் நடைமுறையாக்கியது. 2018இல் அவர் மறைந்தார். அதன் தந்தை என்றே அத்துறையினர் அவரை இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

வேகம் கிடைத்தது. காவல்?

ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத வீட்டில் கைவைத்தால் செயலி அதைத் தடுத்து, நிரலையே நிறுத்திவிடும். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியின் வழிவந்த மெய்நிகர் நினைவக முறையில் இது எளிதாயிற்று. நிரலுக்குத் தரப்படும் எண்கள் புனைபெயர்கள் போன்றவை. மெய்யான வீடு எது என்பதை ஓர் அட்டவணை சொல்லும். அட்டவணையில் இல்லாத இடத்துக்குப் போக முடியாது. ஆனால் அட்டையோ நெடுங்காலம் மெய்யான எண்களிலேயே புழங்கியது. அது எங்கே எழுதுகிறது என்று பார்க்க எவரும் இல்லை. எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. அட்டையின் உள்ளே இருக்கும் சேமிப்பிடங்களுக்கும் அதே தெருவில் சில கதவு எண்கள் தரப்படும். அவ்வெண்ணில் எழுதினால் அது அட்டையின் உடலிலேயே எழுதப்படும். 2008இல் நேர்ந்த விபத்து இந்த வழியாகத்தான் வந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் லினக்ஸ் 2.6.27 கர்னலின் சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்தியவர்களிடமிருந்து விசித்திரமான புகார்கள் வந்தன. ஈ1000ஈ என்ற இயக்கியில் ஓடும் இன்டெல் பிணைய அட்டைகள் திடீரென்று செத்துப்போயின. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் உயிர் வரவில்லை. அட்டை தன்னைப் பற்றிய குறிப்புகளை வைத்திருக்கும் நிலைநினைவகத்தில் யாரோ குப்பையை எழுதியிருந்தார்கள். உபுண்டு, ஓப்பன்சூசே, மாண்ட்ரிவா ஆகியவற்றின் சோதனை வெளியீடுகள் எல்லாவற்றிலும் இந்த அபாயம் இருந்தது. மென்பொருள் வழு பொதுவாகக் கோப்பைக் கெடுக்கும். இது வன்பொருளைக் கொன்றது.

முதல் சந்தேகம் இயக்கியின் மீதே விழுந்தது. அங்கே குற்றம் காணமுடியாதபோது திரைக்காட்சியைக் கவனிக்கும் எக்ஸ் வழங்கியின் மீது பார்வை திரும்பியது. அது கர்னலுக்கு வெளியே, பயனர்வெளியில் இருந்துகொண்டு வன்பொருளைத் தொடும் நிரல். ஊரில் களவு போனால் முதலில் வெளியாளை விசாரிக்கும் வழக்கம் கணினியிலும் உண்டு போலும்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் அட்டை பலியாகக்கூடும் என்பதால் தன்னார்வலர்கள் தயங்கினார்கள். கடைசியில் இன்டெல் பொறியாளர்களே ஒரு பெட்டி நிறைய அட்டைகளோடு ஆய்வகத்தில் உட்கார்ந்தார்கள். கர்னலின் மாற்ற வரலாற்றைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் அட்டை சாகிறது என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் வெட்டும் முறை அது. பல அட்டைகள் பலியான பின்னர் வந்து நின்ற பெயர் எவரும் எதிர்பாராதது: எஃப்டிரேஸ். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய அக்கருவி கர்னலின் உள்ளேயே வசிப்பது. எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்படுகிறது என்று கண்காணிப்பது. பிணையத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

நடந்தது இதுதான். கர்னலில் சில பகுதிகள் தொடக்க வேலைக்கு மட்டுமே தேவை. வேலை முடிந்ததும் அவை இடிக்கப்பட்டு, இடம் வேறு பயனுக்குத் தரப்படும். எஃப்டிரேஸ் ஒவ்வொரு செயற்கூறும் முதன்முறை ஓடும்போது அதன் முகவரியைக் குறித்துக்கொள்ளும். அதன் காவலாள் நொடிக்கு ஒருமுறை எழுந்து, குறித்த முகவரிகளுக்குப் போய், அங்கிருக்கும் ஒரு கட்டளையை வெற்றுக் கட்டளையாக மாற்றிவிட்டு வருவான். அவன் போவதற்குள் வீடு இடிக்கப்பட்டு, அதே எண் பிணைய அட்டையின் நிலைநினைவகத்துக்குத் தரப்பட்டிருந்தால்? குறிப்பேட்டில் பழைய முகவரி. வாசலில் புதிய குடித்தனக்காரர்.

இதை எழுதியவர் கவனக்குறைவானவர் அல்லர். 'எதிர்பார்த்த கட்டளை அங்கே இருந்தால் மட்டும் மாற்று' என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுதும் கட்டளையைத்தான் அவர் பயன்படுத்தியிருந்தார். சாதாரண நினைவகத்தில் அது பாதுகாப்பானதே. ஆனால் ஒப்பீடு பொருந்தாவிட்டாலும், செயலி அவ்விடத்தில் ஓர் எழுத்துச் செயலை நிகழ்த்தும். படித்த பழைய மதிப்பையே திரும்ப வைக்கும். நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. அட்டையின் உடலிலோ எந்த எழுத்தும் எழுத்துதான். சரிபார்க்கப் போன கையே கெடுத்துவிட்டு வந்தது.

1964 டிசம்பர் 22 இரவு இக்கடற்கரையில் நேர்ந்ததை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியவில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653 எண் பயணி ரயில், ஊரை நெருங்கும் வேளையில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கால அட்டவணையில் தனுஷ்கோடி இருந்தது. பயணச் சீட்டில் அதன் பெயர் இருந்தது. பகலில் அது நிலையமும் துறைமுகமும் அஞ்சலகமும் சுங்கச் சாவடியும் கொண்ட ஊராகவும் இருந்தது. இரவில் அந்த இடத்தில் கடல் குடியேறியிருந்தது. செய்தி சொல்லவேண்டிய கம்பிகள் அறுந்துகிடந்தன. மனித உயிரையும் சில அட்டைகளையும் ஒரே தட்டில் வைப்பதாக எவரும் எண்ணவேண்டாம். இரண்டிலும் வந்தவர் தவறு செய்யவில்லை என்பதே இங்கு சொல்லவருவது. அவர் கையிலிருந்த முகவரி, சற்று முன்பு வரை உண்மையாக இருந்தது.

ஆகவே 'கவனமாக எழுதுங்கள்' என்பது இதற்கு மருந்தாகாது. 2008 அக்டோபரில் மூன்று மருந்துகள் தரப்பட்டன. முதலில் அட்டையின் நிலைநினைவகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். 2.6.27.1 பதிப்பில் எஃப்டிரேஸின் அப்பகுதியை முடக்கினார்கள். அடுத்த பதிப்பில் அதன் அமைப்பையே மாற்றினார்கள்: முகவரிகள் கர்னல் தொகுக்கப்படும்போதே திரட்டப்பட்டன, நொடிக்கொருமுறை எழும் காவலாள் நீக்கப்பட்டான், எதிர்பாராத ஒன்றைக் கண்டால் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு எச்சரிக்கவேண்டும் என்றாயிற்று. அந்தக் கடைசி விதியைப் பாம்பன் பாலம் நன்கறியும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் கைகாட்டி தானாகவே சிவப்புக்கு மாறும் ஏற்பாடு இருந்தது. ரயிலோட்டியின் துணிவையோ அனுபவத்தையோ அது கேட்பதில்லை. காற்றை மட்டுமே கேட்கும்.

பயனர்வெளி இயக்கிகளுக்கும் இத்தகைய கைகாட்டி தேவைப்பட்டது. நிரல் அட்டைக்கு ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டு இடையில் இறந்துபோனால் என்ன ஆகும்? கர்னல் அந்த வீட்டைக் காலியென்று கருதி வேறொரு நிரலுக்கு வாடகைக்கு விடும். அட்டைக்கு அது தெரியாது; கட்டு வந்து விழுந்துகொண்டே இருக்கும். 2007இல் லினக்ஸில் சேர்ந்த யூ.ஐ.ஓ. என்ற எளிய ஏற்பாட்டில் இதற்குக் காவல் இல்லை. செயலிக்கு இருந்ததுபோன்ற அட்டவணையை அட்டைக்கும் வைக்கும் வன்பொருள், ஐ.ஓ.எம்.எம்.யூ. எனப்படுவது, பொதுவான கணினிகளில் பரவிய பிறகு, 2012இல் வி.எஃப்.ஐ.ஓ. வந்தது. நிரல் போனால் அட்டவணையிலிருந்து அதன் முகவரிகளும் போகும். அதன்பின் அட்டை எறியும் கட்டு தெருவில் விழாது, எல்லையிலேயே தடுக்கப்படும்.

பழுது பார்ப்பவருக்கு இதனால் கிடைத்த பெரிய கொடை ஒன்று உண்டு. கர்னலின் பதிவேட்டில் இப்போது ஒரு வரி விழுகிறது: எந்தக் கருவி, எந்த முகவரி, படிக்கவா எழுதவா. அதைக் கண்டதும் காவலை அணைத்துவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பிழைச்செய்தி நின்றுவிடும்; பிழை நிற்காது. அது யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் ஓசையின்றிப் புகும். செய்யவேண்டியது, அந்த முகவரியை நிரல் எப்போது கேட்டுப் பெற்றது, எப்போது கைவிட்டது, கைவிட்டதை அட்டையிடம் சொன்னதா என்று பின்னோக்கி விசாரிப்பது. முதலில் அட்டையை நிறுத்து, பிறகு வீட்டைக் காலி செய் என்ற வரிசை தலைகீழாகியிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

நினைவின் கோளாறு என்றால் மறதி என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இவ்வரலாறு காட்டுவது வேறொரு கோளாறு. உரிய நேரத்தில் மறக்காத நினைவும், மாறிவிட்ட இடத்தை மாறாததாகப் பிடித்துக்கொண்டிருக்கும் முகவரியும் அதே அளவுக்கு ஆபத்தானவை.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்டபின் தனுஷ்கோடிக்குப் போவது எளிதாகிவிட்டது. இடிந்த தேவாலயமும் நிலையத்தின் எஞ்சிய சுவர்களும் அங்கே நிற்கின்றன. கலாம் என்ற சிறுவன் கட்டுப் பிடித்த காலத்தில், அவ்வழியே போன ரயில் அந்த நிலையத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று அங்கே தண்டவாளம் இல்லை. வரைபடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.