திருமணி வளாகமும் 58.5 கோடி டோஸ் கணக்கும்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், எச்.எல்.எல். பயோடெக் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் 100 ஏக்கரில் நிற்கிறது. 2012-இல் ஒன்றிய அரசு 594 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த திட்டம் அது, ஆண்டுக்கு 58.5 கோடி டோஸ் அதன் அறிவிக்கப்பட்ட உற்பத்தித் திறன். ஊரெல்லாம் தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற 2021 மே மாதத்தில், கொரோனா தடுப்பூசி ஒரு டோஸ்கூட அங்கே உருவாகவில்லை. மே 25-இல் நேரில் பார்வையிட்ட முதல்வர் மு.க.ஸ்டாலின், வளாகத்தை மாநிலத்திற்குக் குத்தகைக்குக் கேட்டார். இவ்வளவு பெரிய ஆலை சும்மா கிடக்கலாமா என்பதே அன்றைய கேள்வி. கேள்வி நியாயமானது; திறன் இருந்தால் டோஸ் வந்துவிடும் என்ற, அதன் பின்னிருந்த கணக்குதான் பிழை. ஏன் என்று பார்க்க, ஆலைகள் திட்டமிடும் முறையிலிருந்து தொடங்கலாம்.

மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் என்ற முறையை ஜோசப் ஆர்லிக்கி 1975-இல் நூலாக்கினார். எத்தனை தேவை என்பதிலிருந்து என்னென்ன வாங்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறை அது. எந்திரத்துக்கு நேரம் இருக்கிறதா என்பதைப் பிறகுதான் சரிபார்க்கும். பொருள், திறன் இரண்டில் ஒன்று தாராளமாக இருக்கும்வரை இதில் குறையில்லை. இரண்டும் ஒருசேர இறுக்கினால் முறை கைவிட்டுவிடுகிறது.

ஓர் ஆலையில் 20 வடிகட்டிகளும் 30 கலன்-வாரங்களும் மட்டுமே உள்ளன என்று கொள்வோம். முதல் தடுப்பூசியின் ஒரு தொகுதிக்கு 2 வடிகட்டி, 1 வாரம். இரண்டாவதற்கு 1 வடிகட்டி, 3 வாரம். முதலாவதை மட்டும் செய்தால் வடிகட்டி தீர்ந்து 10 தொகுதியோடு நின்றுவிடும். இரண்டாவதை மட்டும் செய்தாலும் 10 தான், அங்கே வாரம் தீர்கிறது. முதலாவதில் 6, இரண்டாவதில் 8 என்று கலந்தால் 14. 1947-இல் டான்ட்சிக் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை இரு தடைகளையும் ஒரே நேரத்தில் வைத்து இந்த விடையைத் தரும். மேலும் 5 வடிகட்டி கிடைத்தால் 2 தொகுதி கூடும். 5 வாரம் கிடைத்தால் 1 தான் கூடும். ஒரு வளத்தை ஓர் அலகு கூட்டினால் உற்பத்தி எவ்வளவு கூடும் என்பதே அதன் நிழல் விலை. தீராமல் மிஞ்சும் வளத்துக்கு அந்த விலை பூஜ்யம்.

2021-இல் தீர்ந்துபோனவை எவை? ஏப்ரல் 16-இல் சீரம் நிறுவனத்தின் அதார் பூனாவாலா, மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபரிடம் பகிரங்கமாக முறையிட்டார். கோவாக்சினுக்கோ உயிருள்ள வைரஸைக் கையாளும் மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்புக் கூடம் வேண்டும். கோவாக்சினின் மூலக்கரைசல், அதாவது குப்பியில் அடைப்பதற்கு முந்தைய மருந்து, போதாமல்தான் ஹாஃப்கின் போன்ற அரசு நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றோடு காலமும் ஒரு தடை: குப்பியில் அடைத்த மருந்து, கிருமியின்மைச் சோதனைக்காக 14 நாள் காத்திருந்தாக வேண்டும். ஆள் கூட்டினாலும் அது குறையாது.

ஆகவே அந்தக் கோடையில் திருமணியின் கட்டடத்துக்கும் அடைப்புக்கூடத்துக்கும் நிழல் விலை ஏறத்தாழ பூஜ்யம் என்பேன். குத்தகை உடனே கிடைத்திருந்தாலும் அந்த மாதங்களில் டோஸ் வந்திருக்காது. தொழில்நுட்பமும் மூலக்கரைசலும் முன்பே ஒப்பந்தமாகியிருந்தால் கதை வேறு. இனி இந்த வளாகத்தைப் பற்றி எழுதுவோரும் கேட்போரும் 58.5 கோடியோடு நிறுத்த வேண்டாம். எந்தத் தடுப்பூசி, யாருடைய மூலக்கரைசல், எந்த மாதம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.