முடாவுக்குள் அடங்காத தண்ணீர்: கார் ஆலைகளின் சிக்கன வரலாறு குறித்து ஒரு மறுப்பு

கார் ஆலைகளில் கழிவும் நீர்ச் செலவும் குறைந்த கதையை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றனர். ஹென்றி ஃபோர்டு தொடங்கினார், டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ (1912–1990) அதை ‘முடா’ என்னும் விரய ஒழிப்பாக முறைப்படுத்தினார், இன்றைய பசுமை ஆலைகள் அதன் விளைவு என்பது அத்தடம். இதற்குப் பெரும் செல்வாக்குத் தேடித் தந்தது பால் ஹாக்கன், அமோரி லவின்ஸ், ஹன்டர் லவின்ஸ் மூவரும் 1999இல் வெளியிட்ட ‘நேச்சுரல் கேப்பிடலிசம்’. முடாவைத் தலைப்பிலேயே தாங்கிய இயல் ஒன்று அதில் உண்டு. ஓனோ விரட்டிய விரயமும் இயற்கை வளத்தின் விரயமும் ஒன்றே என்பது அவ்வியலின் உட்கிடை. திடக்கழிவுக்கு இது ஓரளவு பொருந்தும். தண்ணீருக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

ஓனோ வகுத்த முடாக்கள் ஏழு: மிகை உற்பத்தி, காத்திருப்பு, தேவையற்ற போக்குவரத்து, தேவையற்ற செய்முறை, மிகைச் சரக்கிருப்பு, வீண் உடலசைவு, பழுதான பொருள். பட்டியலில் தண்ணீர் இல்லை. கழிவுநீர்க் கால்வாயும் இல்லை. இதைத் தற்செயலான விடுபாடு என்று கொண்டால்தான் மூவரின் வாசிப்பு நிற்கும். அப்படிக் கொள்ள இயலாது. அதற்கான சான்று ஃபோர்டிடமே கிடைக்கிறது.

சாமுவேல் குரௌதருடன் சேர்ந்து ஃபோர்டு 1926இல் வெளியிட்ட ‘டுடே அண்ட் டுமாரோ’ நூலை, ஓனோ தம் 1978ஆம் ஆண்டு நூலில் விரிவாக எடுத்தாள்கிறார். விரயத்திலிருந்து கற்பது பற்றிய அதன் இயலில் ஒரு பத்தி நின்று படிக்கத்தக்கது. சுரங்கத்தில் கிடக்கும் நிலக்கரிக்கு முக்கியத்துவம் இல்லை. அதே கரி டெட்ராய்ட் வந்து சேர்ந்ததும் முக்கியமாகிறது, ஏனெனில் வெட்டியவர், சுமந்தவர் உழைப்பு அதற்குள் இருக்கிறது என்கிறார் ஃபோர்டு. இயற்கை வளம் போதிய அளவு இருக்கிறது, கவலைப்பட வேண்டியது மனித உழைப்பு வீணாவதைப் பற்றித்தான் என்பது அவர் முடிவு.

அவருடைய செயல்களும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டவையே. மரக்கழிவைக் கரிக்கட்டியாக்கினார். அரசிடமிருந்து 199 பழைய கப்பல்களை வாங்கி உடைத்து உருக்கினார். இரண்டிலும் முன்னரே உழைப்பு இறங்கியிருந்தது. அவருடைய ஆலையை ஒட்டி ஓடிய ரூஜ் ஆற்று நீரில் அப்படி ஏதும் இறங்கவில்லை. 1969 அக்டோபரில் எண்ணெய் படிந்த அந்த ஆறு தீப்பற்றியது. அதற்கு ஓர் ஆலையை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் ஆற்றைக் கணக்கில் சேர்க்காத சிக்கனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் தண்ணீர் எந்த வழியாகக் கணக்கிற்குள் வந்தது? பெயின்ட் ஷாப் வழியாக என்பது என் கருத்து. 1960களில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் வளர்த்த மின்படிவு முறையில், காரின் உடல்கூடு முழுவதும் நீர் கலந்த பெயின்ட் தொட்டியில் முங்கி எழுகிறது. எழும்போது ஒட்டி வரும் மிகைப் பெயின்டைத் தண்ணீரால் அலசினால், பெயின்டும் நீரும் சேர்ந்தே சாக்கடைக்குப் போகும். 1970ஐ ஒட்டி வந்த அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வு இதை மாற்றியது. சவ்வு தொட்டியிலிருந்து தெளிநீரைப் பிரித்தெடுக்கிறது. அதைக் கொண்டே கூட்டை அலசி, அலசிய நீரைப் பெயின்டோடு தொட்டிக்கே திருப்புகிறார்கள். விலையுயர்ந்த பெயின்டைக் காப்பாற்றப் போய்த் தண்ணீரும் காப்பாற்றப்பட்டது.

அமெரிக்காவின் தூயநீர்ச் சட்டம் 1972இல் வந்தது. சவ்வும் சட்டமும் இவ்வளவு நெருங்கி வருவதால், எதன் அழுத்தம் முந்தியது என்று ஆண்டு குறித்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் என் சாய்வு பெயின்டின் பக்கமே. அதே கூடத்தில் பாஸ்பேட் பூச்சுக்குப் பிந்தைய அலசலில் மீட்கத்தக்க விலையுள்ள பொருள் இல்லை. அங்கே இத்தகைய மூடிய சுழற்சி அதே வேகத்தில் பரவவில்லை. சான்று மெலிதுதான். ஆனால் இந்த வேறுபாட்டை முடாக் கோட்பாட்டால் விளக்க முடிவதில்லை.

கோட்பாடு எதிர்த்திசையில் இழுப்பதும் உண்டு. மிகை உற்பத்தியையும் சரக்கிருப்பையும் தவிர்க்கச் சிறு தொகுதிகளாகக் கலந்து உற்பத்தி செய்தால் நிறம் அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிப்பானைக் கரைப்பானால் கழுவ வேண்டும். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 31 ஆலைகளை ஆராய்ந்த ரோதன்பெர்க், பில், மேக்ஸ்வெல் மூவரும், முடா ஒழிப்பை மையமாகக் கொண்ட சிக்கன உற்பத்தி (லீன்) முறைக்கும், கரைப்பான்களிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் வெளியேற்றக் குறைப்புக்கும் எதிர்மறைத் தொடர்பே இருப்பதாக 2001இல் எழுதினர்.

மறுதரப்புக்கு வலுவான சான்று இந்தியானாவின் சுபாரு ஆலை. 2004இல் குப்பைமேட்டுக்கு எதுவும் அனுப்பாத நிலையை அது எட்டியது. முடாவில் பழகிய கண் அங்கே உதவியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது திடக்கழிவின் வெற்றி.

இந்த வேறுபாடு நமக்கும் முக்கியமானது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைகள் இயங்குகின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றின. சிக்கன உற்பத்தியில் பெற்ற நற்பெயரை நீர்ச் சிக்கனத்துக்குச் சான்றாக எந்த ஆலையிடமிருந்தும் ஏற்கக் கூடாது. ஒரு காருக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு திரும்பப் பயன்பட்டது என்ற கணக்கைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.