பீன்யா ஷெட்டுக்கு வந்த 'ரோஜா'

அப்பா வெர்னியரை எடுத்து டேப்பின் அகலத்தை அளந்தார். 3.8 மில்லிமீட்டர். "இத்தனூண்டு அகலத்துல நாலு லைன் ஓடுதுடா. போறதுக்கு ரெண்டு, திரும்பி வர்றதுக்கு ரெண்டு" என்றார். கேசட்டிலிருந்து கழற்றிய ஐந்து திருகுகளையும் டீ கிளாஸ் மூடியில் போட்டு வைத்திருந்தார். பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு லேத் ஷெட், 1993. மேசையில் பிரிந்து கிடந்தது 'ரோஜா'.

அந்தக் கேசட் அங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது. கோடம்பாக்கத்தில், வீட்டோடு சேர்ந்த சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் அது தொடங்குகிறது. பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று அதற்குப் பெயர். அதை வைத்திருந்தவர் ஏ.ஆர். ரஹ்மான், ஒன்பது வயதில் அப்பாவை இழந்த பையன். அந்த அப்பா ஆர்.கே. சேகரின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பதினோரு வயதிலேயே கீபோர்டு வாசிக்கக் கிளம்பியவர், இளையராஜாவின் குழுவிலும் வாசித்தார். பிறகு விளம்பரப் பாட்டுகள். தம்மைப் பார்க்க வந்த இயக்குநர் மணிரத்னத்துக்கு, காவிரிப் பிரச்சினை மனத்தை உறுத்தியதில் போட்டு வைத்திருந்த ஒரு மெட்டைத்தான் ரஹ்மான் வாசித்துக் காட்டினார். படம் கைக்கு வந்தது. சம்பளம் 25,000 ரூபாய். விளம்பரங்களில் அந்தப் பணத்தை இன்னும் சீக்கிரம் சம்பாதித்திருப்பார். அவருக்கு அப்போது வயது 25.

காவிரி என்ற சொல்லை எழுதும்போது எனக்குக் கை ஒரு நிமிஷம் நிற்கிறது. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான கையோடு, பெங்களூரில் தமிழர்கள் வசித்த இடங்களில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எங்கள் ஷெட்டில் யாரும் அப்பாவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பத்து நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. போக ஆரம்பித்த பிறகும் பஸ்ஸில் எங்களோடு தமிழில் பேசமாட்டார்; கையைத்தான் அழுத்துவார். ஷெட்டில் அவருடைய டேப்ரிக்கார்டர் பழைய துணி சுற்றி அலமாரிக்குள் போய்விட்டது. திருப்பத்தூரிலிருந்து வந்து, ஜாலஹள்ளிப் பக்கம் தொழில் பழகி, பீன்யாவில் டர்னராக நிலைத்தவர் அவர். எட்டு வருஷமாகப் பாட்டில்லாமல் லேத் ஓட்டியதே கிடையாது.

1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' படம் வெளியானது. தமிழ்ப் பாடல்களைக் கேசட்டாகக் கொண்டுவந்தது லஹரி, பெங்களூர்க் கம்பெனி. முந்தைய வருஷம் 'தளபதி' கேசட்டும் அவர்களுடையதுதான். மணிரத்னம் எடுத்த முதல் படமே கன்னடத்தில் வந்த 'பல்லவி அனுபல்லவி' என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஊருக்கும் அந்தப் படைப்பாளிகளுக்கும் இருந்த போக்குவரத்து புரியும். நாங்கள் தமிழ் பேசப் பயந்த அதே ஊரின் கம்பெனிதான் ஊர் ஊராகத் தமிழ்ப் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

அப்பா கேசட் வாங்கி வந்து ஒரு வாரம் வீட்டில் மட்டும் போட்டார். பிறகு ஒரு செகண்ட் ஷிஃப்டில் ஷெட்டுக்கு எடுத்துப் போனார். நானும் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே இருந்தேன். துணியைப் பிரித்து, சத்தத்தை ஒன்றுக்குக் கீழே வைத்து, 'சின்னச் சின்ன ஆசை'யைப் போட்டார். மின்மினியின் குரல் கம்ப்ரஸர் இரைச்சலுக்கு அடியில் எறும்பு மாதிரி ஊர்ந்தது. பக்கத்து மில்லிங் மெஷினிலிருந்து ஃபோர்மேன், ஹாசன்காரர், தலையைத் திருப்பினார். அப்பாவின் கை பட்டனை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

"அண்ணா, சவுண்ட் ஜாஸ்தி மாடு" என்றார் அவர், சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கன்னடத்தில்.

அன்றைக்கு அந்தப் பாட்டு நாலு தடவை ஓடியது.

ஏன் அந்த இரைச்சலிலும் அது கேட்டது என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். அதுவரை எங்கள் கேசட்டுகளில் நாற்பது வயலினும் ஒரே கனத்த போர்வையாக வரும். இதில் ஒவ்வொரு சத்தத்தையும் சுற்றி இடம் விட்டிருந்தது. ரெகே தாளம் அடி விழவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்தில் மிதித்தது. பேஸ் தரையில் நின்றது. குரல் தனியாக மேலே. மெஷின் சத்தம் அந்த இடைவெளிகளில் புகுந்துகொண்டதே ஒழிய, பாட்டை மூடவில்லை. வேலை சுத்தமாக இருக்கிறது, பிசிறே இல்லை என்று அப்பா சொன்னார். ஒரு ஜாபைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்துச் சொல்லும் அதே வார்த்தைகள்.

மற்றதெல்லாம் ஊரறிந்தது. ஹரிஹரன் தமிழில் பாடிய முதல் பாட்டு இதில்தான். தேசிய விருதுக் குழுவில் 'ரோஜா'வுக்கும் 'தேவர் மக'னுக்கும் ஓட்டு சமமாக, தலைவர் பாலு மகேந்திராவின் ஓட்டு ரஹ்மானுக்கு விழுந்தது. வைரமுத்துவுக்கும் விருது. படம் இந்திக்குப் போனது. அதோடு பாட்டுகளும் வடக்கே போயின. 2005இல் 'டைம்' பத்திரிகை எக்காலத்துக்குமான பத்துச் சிறந்த திரைப்பட இசைத்தொகுப்புகளில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தது. அந்தச் செய்தியை வெட்டி அப்பா டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டினார்.

எங்கள் பிரதி ஓடி ஓடித் தேய்ந்தது. 'ருக்குமணி' ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் டேப் உருளையில் சுற்றிக்கொண்டது. அதைத்தான் முதலில் சொன்னேன்: வெர்னியர், ஐந்து திருகுகள். கசங்கிய துண்டை அப்பா பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் ஸ்கேல் ஓரத்தில் நேர் வைத்து, செல்லோ டேப்பின் ஒரு கீற்றால் ஒட்டினார். வெட்டியது இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டேப் ஓடுவது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர், ஆக, போனது அரை வினாடி. ஆனால் நாலு லைனும் ஒரே டேப்பில் அல்லவா இருக்கிறது? 'ருக்குமணி'யில் வெட்டியது மறுபக்கத்துப் பாட்டிலும் வெட்டாக விழுந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டபோதுதான் அப்பாவுக்கு அது உறைத்தது. "ஒன்ன சரி பண்ணப் போயி இன்னொன்னயும் அறுத்துட்டனே" என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பீன்யாவுக்கு மெட்ரோவில் போகிறேன். காதில் அதே பாட்டுகள், ஒரு பிசிறும் இல்லாமல். 'ருக்குமணி'யில் அந்த இடம் வரும்போது அரை வினாடி தாண்டிக் குதிக்க மனசு தயாராகிறது. பாட்டு குதிக்காமல் நேராகப் போகிறது. அந்த அரை வினாடியில் என்ன இருந்தது என்பதை நான் மறுபடி கேட்டது அப்பா போனபிறகுதான்.