படர்தாமரைக்கு மருந்து: வண்டுகொல்லி முதல் டெர்பினாஃபின் வரை

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்தைச் சமணக் காஞ்சி என்பார்கள். திரைலோக்கியநாதர் கோயிலையும் அதன் விதான ஓவியங்களையும் பற்றி டி. என். இராமச்சந்திரன் 1934இல் எழுதிய நூல் இவ்வூரைக் கலை வரலாற்றில் நிலைநிறுத்தியது. சமணர் போற்றும் நான்கு தானங்களில் உணவு, அடைக்கலம், நூல் ஆகியவற்றோடு மருந்தும் ஒன்று. அந்த மரபு வாழ்ந்த மண்ணைச் சுற்றி இன்று பட்டு நெசவாளரும் சாயத் தொழிலாளரும் வாழ்கிறார்கள். அவர்களைப் போன்ற உழைப்பாளிகளைத் துரத்தும் படர்தாமரை, சேற்றுப்புண், தலைப்படை ஆகியவற்றுக்குக் காலந்தோறும் என்ன மருந்து கிடைத்தது, அது எப்படிக் கைக்கு வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பூஞ்சை மருந்துகளின் வரலாற்றைப் பாடநூல்கள் ஏறுமுகமாகவே எழுதுகின்றன. உலகக் கணக்கில் அது பொருந்தலாம், இந்தியாவுக்குப் பொருந்தாது. இங்கே மருந்து வளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில், அதைக் கொடுத்த முறையே அதன் வலிமையைத் தின்றுவிட்டது என்பது என் முடிவு.

முதலில் நோய் வாழும் இடத்தைப் பார்த்துவிடலாம். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, இரு கால்களையும் குழிக்குள் இறக்கி மிதிகட்டையை மிதிக்கிறார். இடுப்பில் வேட்டியோ லுங்கியோ இறுகியிருக்கும். அரையிடுக்கு மணிக்கணக்காகக் காற்றுப் படாமல் வியர்வையில் ஊறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல வீடுகளில் தறிக்குழிக்குள்ளேயே தண்ணீர் ஊறி, விரலிடுக்குகள் நைந்துபோகும். சாயமிடுவோரின் சிக்கல் வேறு. பட்டின் பசையை நீக்கும் சோப்பு நீர், சாயத்தொட்டி, அலசும் தண்ணீர் என்று அவர்கள் கை காய்வதே இல்லை. நகத்தடித் தோல் பிரிந்து, கேண்டிடா என்னும் ஈஸ்ட் புகுந்து நாள்பட்ட நகச்சுற்று வரும். படர்தாமரையை உண்டாக்கும் டெர்மட்டோஃபைட் பூஞ்சைகளோ தோல், முடி, நகம் ஆகியவற்றின் கெரட்டினைத் தின்று வாழ்பவை. இரண்டும் பூஞ்சைதான் என்றாலும், ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதைத் தொடாமலே போகக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் களிம்பு பல நேரம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலைக்காலமும் களிம்புக்காலமும்

சீமை அகத்தி என்றும் வண்டுகொல்லி என்றும் அழைக்கப்படும் செடியின் இலையை எலுமிச்சைச் சாற்றோடு அரைத்துப் படைமேல் பூசுவது தென்னாட்டில் நெடுநாள் வழக்கம். திருவிதாங்கூரில் பணியாற்றிய எட்வர்டு வாரிங், கடைத்தெருவில் கிடைக்கும் நாட்டு மருந்துகளைப் பற்றிய தம் நூலில் இம்முறையைப் பதிவுசெய்தார். அவர் தொகுத்த இந்திய மருந்து நூல் 1868இல் வெளிவந்தது. மறு ஆண்டே சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தைச் சேர்ந்த முகைதீன் ஷெரீப் அதற்கு ஒரு துணைநூல் எழுதி, தமிழ் உட்படப் பல மொழிகளில் மருந்துப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் இலைக்காலத்தைப் பற்றி நமக்கு வாய்மொழி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

வண்டுகொல்லி நம் மண்ணுக்கே உரியதன்று. அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலம். அங்கிருந்தே இன்னொரு மருந்தும் வந்தது. பிரேசிலின் பாஹியா காடுகளில் வளரும் அராரோபா மரத்தின் தண்டுக்குள் படியும் மஞ்சள் தூளைப் போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோவாத் தூள் என்ற பெயரில் அது இந்தியாவெங்கும் படைக்கு மருந்தாயிற்று. தூளின் பிறப்பிடம் இங்குள்ள ஆங்கில மருத்துவர்களுக்கே புரியாமல் இருந்தது. 1870களில் ஜோசப் ஃபேரர் அதைப் பற்றி எழுதியதைப் பார்த்த பிரேசில் மருத்துவர் டா சில்வா லிமா, இது எங்கள் ஊர்த் தூள்தான் என்று தெளிவுபடுத்தினார். வேதியியலாளர் அதிலிருந்து கிரைசரோபினைப் பிரித்தெடுத்தனர். வண்டுகொல்லி இலையில் இருப்பதும் ஆந்த்ராகுவினோன் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களே. ஆகவே நாட்டு மருந்து, சீமை மருந்து என்று நாம் போடும் கோடு படர்தாமரை வரலாற்றில் முன்பே அழிந்துவிட்டது.

ஐரோப்பாவில் 1837இல் ராபர்ட் ரெமாக் தலைப்படையின் பொருக்கில் பூஞ்சை இழைகளைக் கண்டார். 1841 தொடங்கி டேவிட் குரூபி பாரீசில் அவற்றை நோயின் காரணமாகவே நிறுவினார். அதே வேளையில், 1842இல், மதுரை மருந்தகத்தில் ஜான் கில் ஒரு பாதநோயை விவரித்தார். பின்னர் மதுரைக்கால் என்று பெயர்பெற்ற அந்நோயில் பூஞ்சையின் பங்கைப் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் எடுத்துக்காட்டினார். தமிழ்நாடு பூஞ்சையியலுக்குப் பிந்தி வந்த மாணவனல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு உருவாக்கிய களிம்பில் பென்சாயிக் அமிலம் 6 விழுக்காடு, சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடு. சாலிசிலிக் அமிலம் கொம்புத்தோலை உரிக்கும். பென்சாயிக் அமிலம் பூஞ்சையை வளரவிடாது. எரியும், மெதுவாக வேலை செய்யும். ஆனால் விலை மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இக்களிம்பு இடம்பெற்றது.

தலையில் வந்தால்

களிம்புகள் கைவிட்ட இடம் தலை. பூஞ்சை முடிவேர்க்குழிக்குள் இறங்கிவிடுவதால் மேலே எதைப் பூசினாலும் எட்டாது. அதனால்தான் 1904இல் பாரீசின் சபூரோ எக்ஸ் கதிரால் பிள்ளைகளின் முடியையே உதிர்த்துச் சிகிச்சை செய்தார். அதன் தீங்கு பிற்காலத்தில் தெரியவந்தது. 1939இல் லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, ரைஸ்டிரிக், சிமொனார் ஆகியோர் ஒரு பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து க்ரிசியோஃபுல்வினைப் பிரித்தனர். பாக்டீரியாவை அது கொல்லாததால் ஏறத்தாழ இருபது ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1958இல் ஜென்டில்ஸ் அதைக் கினியா எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்து, தோல் பூஞ்சை குணமாவதைக் காட்டினார்.

இம்மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பிற்காலத் தோல்விக்கும் விடை கிடைக்கும். புதிதாக உருவாகும் கெரட்டினில் அது படிகிறது. அந்தக் கெரட்டினில் பூஞ்சை வளர முடியாது. ஏற்கெனவே நோயுற்ற முடியும் தோலும் வளர்ந்து உதிரும்வரை மருந்து தொடர வேண்டும். தலைக்கு ஆறு முதல் எட்டு வாரம், நகத்துக்கு மாதக்கணக்கு. கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் உடலில் நன்றாகச் சேரும். அரிப்பு நிற்பது வேறு, பூஞ்சை நீங்குவது வேறு என்பதை நோயாளிக்கு உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய மருந்து அது.

நம் பிள்ளைகளின் தலைப்படைக்குப் பெரும்பாலும் காரணம் ட்ரைக்கோஃபைட்டன் வயலேசியம். அது முடிக்குள்ளேயே நிறைந்து முடியைத் தோல்மட்டத்தில் ஒடிக்கும். வழுக்கைத் திட்டில் கரும்புள்ளிகள் மட்டும் தெரியும். பச்சையாக ஒளிரவைத்து நோயைக் காட்டும் உட்ஸ் விளக்கில் இது ஒளிராது. ஆகவே மேலைநாட்டுப் பள்ளிகளுக்கு உதவிய கருவி இங்கே உதவவில்லை. புழுவெட்டு என்று எண்ணிச் சின்ன வெங்காயம் தேய்ப்பது இன்றும் நடக்கிறது. எண்ணெய் பூசும் பழக்கத்துக்கு ஒரு நற்பெயர் உண்டு: இந்தியத் தலைமுடி எண்ணெய்கள் தோல் பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1992இல் வெளியான ஓர் ஆய்வுக்கூட ஆய்வு காட்டியது. பொடுகோடு தொடர்புடைய மலசேசியா ஈஸ்டோ கொழுப்பை உண்டே வாழ்கிறது. அங்கே எண்ணெய் துணையல்ல.

தோற்ற மருந்து

1960களின் இறுதியில் பேயர் நிறுவனத்தின் க்ளோட்ரிமசோலும் யான்சென் நிறுவனத்தின் மைக்கோனசோலும் வந்தன. பின்னர் கீட்டோகோனசோல், ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல். 1991இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த டெர்பினாஃபின் பூஞ்சையைத் தடுப்பதோடு நில்லாமல் கொன்றது. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியை அது முடக்குகிறது. அந்த நொதியின் வழியே உருவாகும் எர்கோஸ்டெரால் இல்லாமல் பூஞ்சையின் செல் சவ்வு குலைகிறது. தேங்கும் ஸ்குவாலீனே அதற்கு நஞ்சாகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் படர்தாமரை போய்விடும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன காலம் அது.

அந்த உறுதியைக் கலவைக் களிம்புகள் கெடுத்தன. க்ளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து எல்லாம் ஒரே ட்யூபில் மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் விற்றன. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். சேலைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு மருத்துவமனை வரிசையில் ஒரு நாளை இழப்பதைவிட அந்த ட்யூப் மேலாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது உடலின் எதிர்ப்பைத்தான். பூஞ்சை தடையின்றிப் பரவும், வட்டத்தின் விளிம்பு அழிந்து நோயே அடையாளம் தெரியாமல் போகும், தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழியும். இந்த உருமாற்றத்தை 1968லேயே ஐவ்ஸும் மார்க்ஸும் பிரிட்டனில் எழுதிவைத்துவிட்டார்கள். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் இத்தகைய கலவைகளுக்கு இங்கே அனுமதி கிடைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 2016இல் மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடைசெய்தது. அவற்றில் இத்தகைய களிம்புகளும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்சநீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு செப்டம்பர் 2018இல் 328 கலவைகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. ஸ்டீராய்டு மேற்பூச்சுகளும் அவ்வாண்டே மருத்துவர் சீட்டுக்கு உட்பட்ட அட்டவணைக்குள் வந்தன. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்காகத் தனிக் குழு அமைத்துப் போராடியது பாராட்டுக்குரியது.

சட்டம் வருவதற்குள் பூஞ்சை மாறிவிட்டது. டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சைகளில் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணு மாறியிருப்பதை டெல்லி ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். இந்தியாவில் முன்பு மேலோங்கியிருந்த ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரத்தின் இடத்தை வேறொரு வகை பிடித்திருந்தது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். 2023இல் அமெரிக்கா தன் முதல் இரு நோயாளிகளை நியூயார்க்கில் கண்டறிந்து அறிவித்தது.

இப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் இட்ராகோனசோலை வாரக்கணக்கில் தருகிறார்கள். ஸ்டீராய்டு தொடாத களிம்பைப் படையின் விளிம்பைத் தாண்டியும் பூசச் சொல்கிறார்கள். ஒரே துண்டில் துடைக்கும் குடும்பத்தார் அனைவரையும் பார்க்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. படையின் விளிம்பிலிருந்து சுரண்டிய செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டு, கெரட்டின் கரையும்வரை சற்றுப் பொறுத்தால், கிளைவிட்ட இழைகள் மைக்ரோஸ்கோப்பில் தெளிவாகத் தெரியும். காசநோய்ச் சளியைப் பார்க்க மைக்ரோஸ்கோப்பும் அதை இயக்கத் தெரிந்தவரும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்குப் புதிதாகத் தேவைப்படுவது அந்தக் கரைசல் ஒன்றும் சில மணிநேரப் பயிற்சியும்தான். தறி நெய்வோர் நிறையப் பேர் வாழும் காஞ்சிபுரம் வட்டாரத்திலேயே அதைத் தொடங்கலாம்.