சிறுநீரக மருத்துவமும் டாக்டர் மணியும்

நம் ஆஸ்டின் டவுனில் 'வேலூருக்குப் போக வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. கண்டோன்மெண்டில் வண்டியேறிக் காட்பாடியில் இறங்கும் பயணிகளுள் நோயாளிகள் எத்தனை பேர் என்பதை ரயில்வே ஊழியத்திலுள்ள நாம் சலுகைச் சீட்டுகளைக் கொண்டே அறிவோம். சிறுநீரக மாற்று அறுவைக்கோ டயாலிசிஸுக்கோ செல்லும் நோயாளிக்கும் அவர் துணைவர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் கால் பங்கு கட்டணமே. 2020 மார்ச்சில் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. அச்சலுகைக்குப் பின்னால் உள்ள வரலாற்றை அன்பர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விழைகின்றோம்.

நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று வழங்கிய உறுப்பே இன்று ஏடுகளில் சிறுநீரகம் எனப்படுகிறது. அது கெட்டுப்போனால் குருதியில் நஞ்சு தேங்கி மனிதன் மடிவான் என்பதை வைத்தியர் நெடுங்காலமாக அறிவர், அறிந்தும் செய்வதற்கொன்றுமில்லை. 1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து நாட்டில், கோல்ஃப் என்னும் இளம் டாக்டர் இறைச்சிக் கடைகளில் பயன்படும் செலஃபேன் குழாயை ஒரு மரச் சட்டத்தின்மேல் சுற்றி, அதனுள் நோயாளியின் குருதியை ஓடவிட்டு, அதை உப்புநீர்த் தொட்டியில் சுழற்றினார். முதலில் வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். மனந்தளராத அவருக்கு 1945-இல் ஒரு மூதாட்டியைப் பிழைப்பிக்கும் பேறு கிட்டியது. ஆயினும் அவ்வியந்திரம் சில நாள் தாங்குவதற்கே உதவிற்று. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் என்பார் கையில் நிலையாகப் பொருத்தும் குழாய் ஒன்றை அமைத்த பின்னரே, ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்து வாழ்வது இயல்வதாயிற்று.

இக்கலை நம் நாட்டில் காலூன்றிய இடங்களுள் முதன்மையானது வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. 1960-களின் தொடக்கத்திலேயே அங்கு டயாலிசிஸ் நடைபெற்றது. பம்பாயில் 1965-இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முயன்றும் நோயாளி நீடித்து வாழவில்லை. 1971-இல் வேலூரில் சர்ஜன் மோகன் ராவும் சிறுநீரக வைத்தியர் ஜானியும் கூடிச் செய்த அறுவையே இந்தியாவில் முதலில் வெற்றி கண்டது.

இனி டாக்டர் எம். கே. மணி அவர்களிடம் வருவோம். பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியிலும், பின்னர்ச் சென்னையில் 1983-இல் தொடங்கப்பெற்ற அப்போலோவிலும் சிறுநீரகப் பிரிவை நடத்திய அன்னாருக்கு 1991-இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பெற்றது. இவ்வளவோடு நின்றிருந்தாலும் புகழுக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் இயந்திரங்களுக்கு நடுவே இருந்துகொண்டே, இவை நம் மக்களில் எத்தனை பேருக்கு எட்டும் என்று அவர் கேட்டார். வாரம் இருமுறை, மும்முறை டயாலிசிஸ், வாழ்நாளெல்லாம் செலவு. வீடு விற்று, நகை விற்று, பின் சிகிச்சையையும் விட்டவர்களை நம் காலனியிலேயே கண்டிருக்கிறோம்.

சிறுநீரகம் கெடுவதற்குப் பெருங்காரணங்கள் இரண்டு: நீரிழிவு, இரத்தக் கொதிப்பு. இரண்டும் நோவு காட்டாமல் பல்லாண்டு உள்ளிருந்து அரிப்பவை. ஆகவே சென்னைக்கு அருகேயுள்ள சிற்றூர்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்தின் வழியாக அவர் ஒரு திட்டம் வகுத்தார். அவ்வூர்களிலேயே பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்து பழக்கினார். அவர்கள் வீடு வீடாகச் சென்று சில கேள்விகள் கேட்பர். இரத்த அழுத்தம் பார்ப்பர். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உண்டா என்று சோதிப்பர். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல் போதும். புரதத்திற்கு ஓர் அமிலத்தின் சில துளிகள் போதும். குறை காணப்பட்டவர்களை மட்டும் டாக்டர் பார்ப்பார்.

மருந்துகளும் மிக மலிவானவை. கொதிப்புக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது அது. நகரத்து வைத்தியர் பலர் அதைப் பழசென்று கைவிட்டிருந்தனர். அதனால் மனச்சோர்வு வரக்கூடும் என்றும் அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. எனினும் வாங்க முடியாத புது மருந்தைக் காட்டிலும் தினந்தோறும் கிடைக்கும் பழைய மருந்தே ஏழைக்கு உதவும் என்பதே எமது துணிபு. நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் கொடுக்கப்பட்டன.

பலன் என்ன? 2003-லும் 2005-லும் சிறுநீரக மருத்துவத்துக்கான உலக இதழில் அன்னார் கணக்கை வெளியிட்டார். இரத்தக் கொதிப்புடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் இறங்கியது. நீரிழிவுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு அது நன்கு கட்டுப்பட்டது. செலவோ, அவ்வூர்களின் மக்கள்தொகையைக் கொண்டு வகுத்தால், ஆளொன்றுக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவு. அத்திட்டம் புகாத புதுப் பகுதியொன்றில் சோதித்தபோது, சிறுநீரகத் திறன் குன்றியோர் அங்கு மிகுதியாக இருந்தனர். திட்டம் நடந்த ஊர்களில் அவ்விகிதம் அதிற் பாதிக்கும் குறைவாகவே காணப்பட்டது.