ஏரிக்கு வந்த ஜிலேபிக் கெண்டை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மதகு வழியே வயலுக்குப் பாய்ந்து, கோடையில் பெரும்பாலும் வற்றிப்போகும் இயல்புடையவையாதலால், விராலும் கெளுத்தியும் போலச் சேற்றையும் குறைந்த நீரையும் தாங்கக்கூடிய மீன்களே அவற்றில் இயல்பாக நிலைத்துவந்தன. விரைந்து வளரும் கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் இயற்கையில் ஆற்று வெள்ளத்தில் மட்டுமே இனம்பெருக்குவதால், மீன்பாசிக் குத்தகை எடுப்பவர், அதாவது ஏரியின் மீன்பிடி உரிமையை ஏலத்தில் பெறுபவர், அவற்றின் குஞ்சுகளை விலைகொடுத்து வாங்கி ஆண்டுதோறும் விடவேண்டியிருக்கிறது. இச்செலவு எதுவுமின்றி ஏரியிலேயே பெருகும் மீன் ஒன்று கிடைத்தால் ஏழைகளின் புரதக் குறை தீரும் என்ற எண்ணமே ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலேப்பியாவைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது.

தென்கிழக்கு ஆப்பிரிக்க நீர்நிலைகளுக்கு உரிய இம்மீன், 1939ஆம் ஆண்டு ஜாவாத் தீவில் முஜைர் என்பவரால் கண்டறியப்பட்டுக் குளங்களில் வளர்க்கப்பட்டது; எவ்வழியாக அங்கு வந்தது என்பது தெளிவாகாத நிலையிலும், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானிய ஆட்சியின்போது அது தீவெங்கும் பரவியது. 1952இல் பாங்காக்கிலிருந்து மண்டபத்துக்கு வந்த மீன்கள் தமிழகக் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகளின் இழப்பு குறைகிறது; இரண்டு மூன்று மாதங்களிலேயே முதிர்ச்சியடைந்து அது அடுத்தடுத்து இனம்பெருக்குகிறது. இதனால் இடநெருக்கடியும் இரைப்போட்டியும் மிகுந்து மீன்கள் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட, கெண்டைகளின் விளைச்சலையும் அது பாதிக்கும் என்று அஞ்சிய இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959இல் அதன் பரப்பலைத் தடைசெய்தது. ஆனால் மழைக்காலத்தில் கலங்கல் வழியே ஏரிக்கு ஏரி தாவும் மீனை அந்தத் தடை தடுத்து நிறுத்தியதாகக் கொள்ள இடமில்லை.

இலங்கையில் நிலைமை வேறாக இருந்தது. அத்தீவில் இயற்கை ஏரிகள் இன்மையால், பண்டைய அரசர்கள் வெட்டிய குளங்களின் விரிந்த நீர்ப்பரப்புக்கு ஏற்ற மீனினம் அங்கு போதிய அளவில் இல்லை. அந்த வெற்றிடத்தில் இதே மீன் 1952 முதல் நிலைகொண்டு உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பாயிற்று. ஆகவே தமிழகத்தில் குறையாகப் பேசப்பட்டது மீனின் குணம் மட்டுமன்று, எடைமிகுந்த கெண்டையை அளவுகோலாகக் கொண்ட பார்வையும் ஆகும். மீனவருக்கும் கூலித் தொழிலாளருக்கும், பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியோருக்கும், குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய மீன் குழம்புக்கும் வறுவலுக்கும் போதுமானதாக இருந்தது. விலை குறைவுக்கும் உருவச் சிறுமைக்கும் காரணம் ஒன்றே, கட்டுப்பாடற்ற பெருக்கம்.

உருவச் சிறுமை என்னும் இக்குறையை மரபியல் முறையில் களைய முயன்றது 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிப்ட் திட்டம். எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளின், ஜிலேபிக்கு உறவான நைல் திலேப்பியாக்களையும் பிலிப்பைன்ஸ் பண்ணை மீன்களையும் கலந்து, தலைமுறைதோறும் விரைந்து வளர்வனவற்றைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் இயற்கையில் எங்கும் இல்லாத ஒரு மீன் உருவாக்கப்பட்டது. மரபணுவை வெட்டி ஒட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெல்லிலும் மாட்டிலும் உழவர் நெடுங்காலம் செய்துவந்த தேர்வே இங்கு மீனுக்கும் செய்யப்பட்டது. இந்திய அரசு 2009இல் திலேப்பியா வளர்ப்புக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்து, அனுமதி பெற்ற பண்ணைகளுக்கு மட்டும் இடமளித்தது. மீன் வெளியேறாதபடி தடுப்பு அமைக்கவேண்டும் என்ற விதியை மூடிய பண்ணைக் குளத்தில் நிறைவேற்றலாம். வரத்துக்கால்களால் ஒன்றோடொன்று பிணைந்த காஞ்சிபுரம் மாவட்ட ஏரிச்சங்கிலியில் அதற்கு வழியில்லை. எனவே குத்தகைக்காரர் கட்லாக் குஞ்சுகளை விடும் ஏரிகளில் பழைய ஜிலேபியே இன்றும் வலையில் சேர்ந்து வருகிறது.